‘ஜாதி நாய்’ என்னும் சொல்லும் நந்திதுர்க்கின் லாப்ரடார்களும்

வம்சாவளிச் சான்றிதழோடு விற்கப்படும் நாய்க்குத் தமிழில் புழங்கும் பெயர் ‘ஜாதி நாய்’. இதைச் சொல்லும்போது எவருக்கும் நாக்குக் கூசுவதில்லை. சாதி ஒழிப்புக் குறித்து ஆய்வேடு எழுதுவோரும் கால்நடை மருத்துவமனை வரிசையில் நிற்கையில் ‘இது ஜாதி நாயா, நாட்டு நாயா’ என்றே கேட்கின்றனர். வெறும் சொல்தானே என்று கடந்துவிடலாம். ஆனால் லாப்ரடார் வளர்ப்போரின் மகிழ்ச்சி எங்கிருந்து வருகிறது, அவர்கள் படும் துயரம் எங்கிருந்து வருகிறது என்ற இரு கேள்விகளுக்கும் விடை அச்சொல்லின் இரு பாதிகளில் பிரிந்து கிடக்கிறது. மகிழ்ச்சியை நாய் தருகிறது. துயரத்தின் பெரும்பங்கை ஜாதி தருகிறது.

இதைப் பேச நந்திதுர்க்கைவிடப் பொருத்தமான இடம் அரிது. நந்திதுர்க் என்றதும் பெங்களூருவாசிகள் விடியலில் மேகம் பார்க்கச் செல்லும் நந்தி மலை நினைவுக்கு வரலாம், இது அதுவன்று. கோலார் தங்கவயலின் பெருஞ்சுரங்கங்களுள் ஒன்றின் பெயர். அதைச் சுற்றியமைந்த குடியிருப்புகளுக்கும் அதுவே பெயர். 1880இல் ஜான் டெய்லர் நிறுவனம் தங்கவயலில் கால்வைத்தது. 2001 பிப்ரவரி 28இல் சுரங்கங்கள் மூடப்பட்டன. இடைப்பட்ட நூற்றிருபது ஆண்டுகளில் நிலத்தடியில் இறங்கியோரில் மிகப் பலர் வட ஆர்க்காடு உள்ளிட்ட மாவட்டங்களிலிருந்து சென்ற தமிழ்த் தலித் மக்கள். அயோத்திதாசரின் பௌத்த இயக்கம் மாரிகுப்பத்தில் கிளைவிட்டதும், அவருடைய எழுத்துகள் சாம்பியன் ரீஃபின் சித்தார்த்தா புத்தகசாலை வழியே நூல்களானதும் இம்மக்களால்தான். சாதியை வேரோடு கேள்வி கேட்ட அந்த மண்ணிலும், லைன் வீடொன்றின் வாசலில் லாப்ரடார் குட்டி வந்திறங்கினால் முதலில் எழும் கேள்வி ‘ஜாதி நாயா?’ என்பதே.

அடுத்த கேள்வி வெளியிலிருந்து வருகிறது. ‘லைன் வீட்டில் லாப்ரடாரா?’ ஒற்றையறையும் சிறு தாழ்வாரமுமாகச் சுவரோடு சுவர் ஒட்டிக் கட்டப்பட்ட தொழிலாளர் குடியிருப்பில், விடிகாலை ரயிலேறிப் பெங்களூருவில் வேலை பார்த்து இரவு திரும்பும் குடும்பத்துக்கு இந்த ஆடம்பரம் எதற்கு என்பது அக்கேள்வியின் உட்பொருள். இதை விலங்குநலம் பேசுவோரும் கேட்கின்றனர். நுகர்வுப் பண்பாட்டை விமர்சிக்கும் கல்வியாளர்களும் கேட்கின்றனர். தங்கவயலின் ‘சின்ன இங்கிலாந்து’ நாள்களை நினைவுகூரும் எழுத்துகளில் பங்களா, கிளப், கோல்ஃப் திடல் ஆகியவற்றோடு துரைமாரின் நாய்களும் வரும்போது அவை ஏக்கத்துக்குரிய அழகுகளாகின்றன. சுரங்கத் தொழிலாளியின் பேரன் அதே நாயை வாங்கினால் மட்டும் அது மோகமாகிவிடுகிறது. இந்தக் கேள்வியில் நாயின் மீதான அக்கறையைக் காட்டிலும், யார் எதை வைத்துக்கொள்ளலாம் என்ற பழைய கணக்கே மிகுதி.

அந்தக் கணக்கு வரலாற்றாலும் தவறு. லாப்ரடார் துரைமாரின் நாயாகப் பிறக்கவில்லை. கனடாவின் கிழக்குக் கரையில் நியூஃபவுண்ட்லாந்துத் தீவில், உறையும் நீரில் வலையிழுத்து, தூண்டிலிலிருந்து நழுவிய மீனைக் கவ்விவந்து மீனவரோடு உழைத்த நாய் அதன் மூதாதை. மீன் ஏற்றிச் சென்ற கப்பல்களோடு அது இங்கிலாந்தின் பூல் துறைமுகத்துக்குப் போயிற்று. மாம்ஸ்பரி பிரபுக்கள் அதைக் கண்டு, சுட்டு வீழ்த்திய பறவைகளை எடுத்துவரப் பழக்கினர். 1880களில் அவர்களிடமிருந்து சில நாய்கள் ஸ்காட்லாந்தின் பக்லூ பிரபுவுக்குச் சென்றன. இன்றைய இனத்தின் அடித்தளம் அங்கேதான் இடப்பட்டது. 1903இல் இங்கிலாந்தின் கென்னல் கிளப் அதைத் தனி இனமாக ஏற்றது. நியூஃபவுண்ட்லாந்திலோ நாய்வரியாலும் ஆடுகளைக் காக்கும் சட்டங்களாலும் அந்த மூதாதை அருகி, இருபதாம் நூற்றாண்டின் இறுதிக்குள் இல்லாதொழிந்தது. உழைப்பாளியின் நாய் பிரபுவின் பதிவேட்டுக்குள் போனதும், வட ஆர்க்காட்டு உழவுக்கூலி டெய்லர் நிறுவனத்தின் வருகைப் பதிவேட்டுக்குள் போனதும் ஏறத்தாழ ஒரே பத்தாண்டில் நிகழ்ந்தவை. நந்திதுர்க் லைனில் லாப்ரடார் இருப்பது இடம் மாறி வந்த ஆடம்பரம் என்போர் இந்த வரலாற்றைப் படிக்கலாம். அது தன் பழைய வர்க்கத்திடம் திரும்பியிருக்கிறது.

அது தரும் மகிழ்ச்சியோ பதிவேட்டைப் பார்த்து வருவதில்லை. வீட்டிலுள்ள ஒற்றைச் செருப்புகள் அனைத்தையும் ஓரிடத்தில் சேர்த்துவைக்கும். கழுவிய தரையில் ஈரக் காலோடு நடக்கும். குடத்து நீரில் மூக்கை விடும். முன்பின் அறியாதவரையும் உறவினராக வரவேற்று, காவல் நாய் என்ற பெயரைக் கெடுக்கும். பள்ளி விட்டு வரும் பிள்ளையின் காலடியோசையைத் தெருமுனையிலேயே அறிந்து வாலால் கதவைத் தட்டும். சுரங்கம் மூடிய பின் பேச்சைக் குறைத்துக்கொண்ட முதியவரிடம் மறுமொழி எதிர்பாராமல் பக்கத்தில் கிடக்க அதற்குத் தெரியும். மாலையில் அவரைக் கயிற்றால் இழுத்துக்கொண்டு தெருவுக்குச் செல்வது அதுவேயன்றி அவரல்லர். சயனைடு மேடுகளிலிருந்து காற்றில் புழுதி பறக்கும் நாள்களில் மட்டும் திரும்பியதும் அதன் பாதங்களைக் கழுவ வேண்டும். இல்லையேல் நக்கியே தீர்க்கும். இவற்றுள் எதற்கும் சான்றிதழ் தேவைப்படவில்லை.

சான்றிதழ் விளக்காத இன்னொன்றும் உண்டு. லாப்ரடாரின் பணிவைப் புகழ்வோர் அதன் பசியை நகைச்சுவையாகவே பேசுகின்றனர். 2016இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள், பசியடங்கும் உணர்வை முறைப்படுத்தும் மரபணு ஒன்றில் ஒரு துண்டு விடுபட்டிருப்பதை ஏறத்தாழ நான்கில் ஒரு லாப்ரடாரிடம் கண்டனர். மாற்றுத்திறனாளிகளுக்கு உதவப் பயிற்றுவிக்கப்பட்ட லாப்ரடார்களில் அது நான்கில் மூன்றாக இருந்தது. தின்பண்டத்தால் பயிற்றுவிக்க எளிதான நாயையே மனிதர்கள் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்திருக்கக்கூடும் என்பதற்கு இது வலுவான குறிப்பு. 2024இல் வெளிவந்த தொடராய்வு, இத்தகைய நாய்கள் உணவு வேளைகளுக்கு இடையில் கூடுதலாகப் பசிப்பதோடு, ஓய்வில் ஏறத்தாழக் கால்பங்கு குறைவான ஆற்றலையே செலவிடுகின்றன என்று காட்டிற்று. எவ்வளவு தின்றாலும் தட்டைப் பார்த்து நிற்கும் அந்தக் கண்களில் நடிப்பு ஒன்றுமில்லை. அந்த நாய்க்கு உண்மையாகவே பசிக்கிறது.

நந்திதுர்க் போன்ற ஊரில் அந்தப் பார்வையைத் தாங்குவது எளிதன்று. பசியை அறிந்த குடும்பத்தில் அன்பென்பது சோறிடுவது. பால்சோறு, எலும்புக் குழம்பு, தேநீரில் நனைத்த பிஸ்கட் என்று ஆளுக்கொரு பிடி விழுகிறது. விளைவைச் சொல்லும் ஆய்வும் ஆயுதம் போல இருக்கிறது. ஒரே ஈற்றில் பிறந்த இணைகளாக 48 லாப்ரடார்களை எடுத்து, இணையில் ஒன்றுக்கு மற்றதைவிடக் கால்பங்கு குறைவாக உணவிட்டு வாழ்நாள் முழுதும் கவனித்தனர். முடிவுகள் 2002இல் வெளிவந்தன. குறைவாக உண்டவற்றின் இடைநிலை ஆயுள் 13 ஆண்டு, மற்றவற்றுக்கு 11.2. மூட்டுவாதமும் அவற்றுக்குத் தாமதமாகவே வந்தது. அன்போடு வைத்த சோறு ஏறத்தாழ இரண்டாண்டுகளைத் தின்றுவிடுகிறது. இதைச் சொல்லி அக்குடும்பத்தைக் குற்றவாளியாக்குவது எளிது. பலர் அதைத்தான் செய்கின்றனர். குட்டியை விற்றவர் இதைச் சொன்னாரா என்று எவரும் கேட்பதில்லை.

விற்பனையில்தான் ‘ஜாதி’ வேலை செய்கிறது. சாதியின் சாரம் அகமணமே என்று அம்பேத்கர் 1916இல் கொலம்பியாவில் வாசித்த கட்டுரையில் நிறுவினார். கென்னல் கிளப்பின் மூடிய வம்சாவளிப் பதிவேடு அதே விதியின் விலங்குப் பதிப்பு. உள்ளே பதிந்தவை தம்முள் மட்டுமே இனப்பெருக்கம் செய்யும். வெளியிலிருந்து எதுவும் வராது. அதற்குள்ளும் நிறம் என்ற உட்சாதி உண்டு. இங்கிலாந்தின் கால்நடை மருத்துவப் பதிவுகளை ஆராய்ந்து 2018இல் வெளியான கட்டுரையில், சாக்லேட் நிற லாப்ரடார்களின் இடைநிலை ஆயுள் 10.7 ஆண்டு, கறுப்பு மற்றும் மஞ்சள் நிறத்தவற்றுக்கு 12.1 எனத் தெரிந்தது. காது நோயும் தோல் நோயும் சாக்லேட் நாய்களிடம் மிகுதி. அந்த நிறம் வேண்டுமென்று குறுகிய வட்டத்துக்குள் இணைசேர்ப்பது காரணமாயிருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் கருத்து. இங்கே விலைப்பட்டியலிலும் நிறத்துக்கொரு விலை உண்டென்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். இடுப்பு மூட்டுக் குறைபாடும் பெருமளவு மரபுவழி வருவது; எடையும் வளர்ப்பும் அதைக் கூட்டும், குறைக்கும். ஈனும் நாய்களுக்கு எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, குறையுள்ளவற்றை ஒதுக்குவதே அதைக் கட்டுப்படுத்தும் வழி. ‘பேப்பர் உள்ள குட்டி’ என்று விற்கப்படும் பேப்பரில் பாட்டன் பூட்டன் பெயர் இருக்கும்; அவர்களின் இடுப்பெலும்பைப் பற்றி ஒரு வரி இருக்க வேண்டிய கட்டாயமில்லை. குலப்பெருமைக்கு உடல்நலம் எப்போதும் வேண்டாத விவரம்.

2022இல் கன்னடத் திரையுலகம் அடுத்தடுத்து இரு படங்களை நாடெங்கும் கொண்டுசென்றது. ஏப்ரலில் வந்த ‘கே.ஜி.எஃப் 2’ தங்கவயலின் பெயரை எடுத்துக்கொண்டு அதன் தமிழ்த் தொழிலாளரைத் தொலைத்தது. அது தனிக் கதை. ஜூனில் வந்த கிரண்ராஜின் ‘777 சார்லி’ ஒரு லாப்ரடாரின் கதை. சட்டத்துக்குப் புறம்பான நாய்ப் பண்ணையிலிருந்து தப்பிவரும் நாயும் தனியனான ஒரு தொழிற்சாலைத் தொழிலாளியும் அதன் நாயகர்கள். நெருங்கிய உறவுக்குள் இணைசேர்த்ததன் விளைவை அது மறைக்கவில்லை. படம் பார்த்த அன்றைய முதலமைச்சர் பசவராஜ் பொம்மை, இறந்துபோன தம் நாயை நினைத்து ஊடகங்களுக்கு முன்னேயே அழுதார். அக்கண்ணீரை எவரும் குறை சொல்ல இயலாது. ஆனால் திரையரங்கை விட்டு வந்தோரின் பேச்சில் நின்றது அழுகை மட்டுமே, பண்ணை மறைந்துவிட்டது.

பண்ணைகளைப் பற்றிய விதிகள் அதற்கு ஐந்தாண்டுகளுக்கு முன்பே, 2017இல் இயற்றப்பட்டவை. இனப்பெருக்கம் செய்வோர் மாநில விலங்குநல வாரியத்தில் பதிவுசெய்ய வேண்டும். பதினெட்டு மாதம் நிரம்பாத பெண்நாயை ஈனவைக்கக் கூடாது. ஆண்டுக்கு ஓர் ஈற்றுக்கு மேல் கூடாது. எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது. நடைமுறையில் கைப்பேசியில் படம் வருகிறது, முன்பணம் போகிறது, அட்டைப்பெட்டியில் குட்டி வருகிறது. வயது என்னவென்று பல்லைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். வாரம் திரும்புவதற்குள் வாந்தியும் இரத்தக் கழிச்சலுமாகப் பார்வோ நோயில் அது சாகிறது. அந்நோய்க்கிருமி உடலுக்குள் புகுந்து சில நாள்கள் கழித்தே அறிகுறி காட்டும் என்பதால், வரும்போதே அது தொற்றியிருக்க வாய்ப்பு மிகுதி. விற்றவரோ ‘உங்கள் வீட்டில்தான் தொற்றியது’ என்கிறார். பெயர் வைத்து மூன்று நாளே ஆன குட்டிக்காக ஒரு வீடே அழுகிறது. அக்குடும்பத்திடம் ரசீதுகூட இல்லை.

இதற்கு மாற்றாக நாட்டு இனங்களை வாங்குங்கள் என்ற குரல் 2020இல் பிரதமரின் வானொலி உரையில் முதோல், ராஜபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை ஆகியவை இடம்பெற்ற பின் வலுத்தது. வெப்பம் தாங்கும் நாய் என்ற வாதத்தில் நியாயம் உண்டு. ஈரடுக்கு மயிர்கொண்ட லாப்ரடார் தகரக் கூரையின் கீழ் கோடையில் இளைப்பதைப் பார்த்தவர் மறுக்கமாட்டார். ஆனால் வெண்மைக்காகவே தேர்ந்து பெருக்கப்பட்ட ராஜபாளையத்தில் பிறவிச் செவிடு தொடர்ந்து காணப்படுகிறது. அன்னியத் தூய்மையை விட்டுச் சுதேசித் தூய்மைக்கு மாறுவதால் குட்டியின் காது கேட்கத் தொடங்கிவிடாது. தெருநாயைத் தத்தெடுக்கச் சொல்வது இதைவிட நேர்மையான அறிவுரை. எனினும் லைன்களில் தெருநாய்க்குச் சோறிட்டு வளர்ப்பது அறிவுரை கேட்டுத் தொடங்கிய வழக்கமன்று. டைகர், ஜிம்மி, மணி என்று பெயர் சூட்டப்பட்ட நாட்டு நாய்கள் அங்கே என்றும் உண்டு. அதைப் புதிதாகப் போதிக்கச் செல்வோர் முதலில் அந்நாய்களைக் கண்டுவரலாம்.

லாப்ரடார் குறித்த இரங்கல் எழுத்துகள் ஏறத்தாழ ஒரே வடிவில் முடிகின்றன: நாய்க்கு ஆயுள் குறைவு, பேரன்பின் விலை பெருந்துயரம், அது விதி. நந்திதுர்க்கிலும் அத்துயரம் வரும். பத்தாவது ஆண்டிலோ பதினோராவதிலோ ஒரு காலையில் பின்னங்கால்கள் எழ மறுக்கும். முப்பத்தைந்து கிலோ உடலைச் சாக்கில் கிடத்தி இருவர் தூக்கிச் சென்று வெளியே விட வேண்டும், ரயிலுக்கு நேரமாகும். வலிநிவாரணி மாத்திரைக்கு ஒரு மாதச் சம்பளத்தில் பகுதி போகும். கருணையூசி என்ற சொல்லை மருத்துவர் சொன்னதும் வீட்டில் எவரும் எவர் முகத்தையும் பார்க்கமாட்டார். ‘அதன் நேரம் அவ்வளவுதான்’ என்று யாரேனும் தேற்றுவார். அதன் தாய்க்கும் தந்தைக்கும் இடுப்பு எக்ஸ்ரே எடுக்கப்பட்டதா என்று குட்டியை வாங்கிய நாளில் எவரும் கேட்டிருக்கவில்லை, விற்றவரும் சொல்லியிருக்கவில்லை.