கேரியர் இல்லாத ஆரோக்கியம்

ஜூன் 3 உலக சைக்கிள் தினம். 2018-இல் ஐ.நா. சபை அறிவித்தது. அதையொட்டி நம்மூர் காரைக்கால் கடற்கரைச் சாலையிலும் காலையில் ஒரு பேரணி. வெள்ளை பனியன், தொப்பி, கொடியசைப்பு, முடிவில் ஆளுக்கொரு வாழைப்பழம். ‘உடல் நலம் காக்க, மன நலம் காக்க’ என்று பேனர். நடத்தியவர்கள் யார் என்பது வேண்டாம், நல்ல எண்ணத்தில்தான் நடத்தினார்கள். ஆனாலும் எனக்கு எரிச்சல். எதனால் என்று இந்தப் பத்தியைப் படித்து வருகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வந்திருந்த வண்டிகளில் பாதிக்கு மேல் கேரியர் கிடையாது.

மறுபடியும் கேரியரா என்று சலித்துக்கொள்ள வேண்டாம். ஆமாம், மறுபடியும் கேரியர்தான். பத்தாயிரம் பதினைந்தாயிரம் கொடுத்து வாங்குகிற கியர் சைக்கிளில் கேரியர் இல்லை, மட்கார்டு இல்லை, பெல் தனிக்காசு. ஐப்பசி மழையில் அரசலாற்றுப் பாலத்தைத் தாண்டிப் பாருங்கள், சட்டை முதுகில் கழுத்து வரைக்கும் சேற்றுக்கோடு விழும். ஒரு கட்டு கீரை வாங்கினால் வைக்க இடமில்லை. கடைக்காரரிடம் கேட்டால், “சார், இது பிட்னஸ் வண்டி, கேரியர் போட்டா லுக்கே போயிடும்” என்கிறார். உப்புக்காற்று ஒரே வருஷத்தில் செயினைத் தின்றுவிடுகிற ஊரில் லுக்காம் லுக்.

பெட்ரோல் மிச்சம் என்று சொல்லி இங்கே யாரையும் சைக்கிளில் ஏற்ற முடியாது. இங்கே விலை குறைவென்று பக்கத்து மாவட்டத்துக்காரர்களே எல்லையிலிருக்கிற பூவத்துக்கும் வாஞ்சூருக்கும் வந்து டேங்கை நிரப்பிக்கொண்டு போகிறார்கள். அதனால் ஆரோக்கியத்தைச் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். சொல்லட்டும். மூட்டில் உடம்பின் பாரம் அதிகம் இறங்காத பயிற்சி இது. ஊரும் சமதளம், சாயங்காலக் கடல்காற்றை எதிர்த்து மிதித்தால்தான் நமக்கு ஏற்றம். 2017-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஒரு ஆய்வு வந்தது. பிரிட்டனில் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைத் தொடர்ந்து கவனித்ததில், சைக்கிளில் போய் வருகிறவர்களிடையே இதய நோயும் புற்றுநோயும் அகால மரணமும் குறைவாக இருந்தன. சைக்கிள்தான் காரணம் என்று அடித்துச் சொல்ல இத்தகைய ஆய்வு போதாது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அவர்கள் வேலைக்குப் போய் வந்தவர்கள். பனியன் போட்டுப் பேரணி போனவர்கள் அல்ல.

காரியமாகப் போகிற சைக்கிள் என்றதும் என் கை அலமாரிக்குப் போய்விடுகிறது. பி. சாய்நாத்தின் ‘எவரிபடி லவ்ஸ் எ குட் டிராட்’, 1996-இல் வந்த புத்தகம். வறட்சி, கடன், பசி என்று நெஞ்சை அடைக்கிற அந்தப் புத்தகத்தில் மூச்சு விடக் கிடைக்கிற இடங்களில் ஒன்று புதுக்கோட்டை. 1990-களின் தொடக்கம், எழுத்தறிவு பரப்பிய அறிவொளி இயக்கக் காலம். அப்போதைய கலெக்டர் ஷீலா ராணி சுங்கத், எழுத்தோடு சைக்கிளையும் சேர்த்துக் கற்றுக்கொடுக்க வைத்தார். பெண்கள் சைக்கிள் வாங்க வங்கிக் கடனுக்கும் வழி செய்தார். கல் உடைப்பவர்கள், விவசாயக் கூலிகள், அங்கன்வாடிப் பணியாளர்கள், ஆசிரியைகள் எல்லோரும் ஏறினார்கள். லேடீஸ் சைக்கிள் தட்டுப்பாடு வந்தபோது ஜென்ட்ஸ் சைக்கிளையே வாங்கினார்கள். சிலருக்கு அதுதான் பிடித்தது. முன்னால் இருக்கிற பாரில் பிள்ளையை உட்கார வைக்கலாமே! பின்னால் தண்ணீர்க் குடம், விளைச்சல் மூட்டை. பஸ்ஸுக்குக் காத்திருப்பதும் அப்பா, அண்ணன், புருஷன் கையை எதிர்பார்ப்பதும் குறைந்தது. வழியில் ஆண்கள் கேவலமாகப் பேசத்தான் செய்தார்கள். இந்தப் பெண்கள் பெல்லை அடித்துக்கொண்டு போய்க்கொண்டே இருந்தார்கள். (நம்மூரில் ஆனி மாதம் மாங்கனி இறைத்துக் கொண்டாடுவதும், புருஷன் துணையில்லாமல் தலையாலேயே நடந்து கயிலைக்குப் போன ஒரு பெண்ணைத்தான், காரைக்கால் அம்மையாரை.)

அந்தப் புதுக்கோட்டைப் பகுதியில் ஒரு ஆசிரியை வருகிறார். சைக்கிள் வாங்க வசதியில்லை. தினமும் சாயங்காலம் அரை மணி நேரத்துக்கு வாடகை சைக்கிள் எடுத்து ஓட்டுவார். சம்பளத்தில் கிள்ளிக் கொடுத்து, அரை மணி நேரம். இந்த இடத்தில் என் கேரியர் வாதம் கொஞ்சம் ஆட்டம் காண்கிறது, ஏனென்றால் அவர் எதையும் ஏற்றிக்கொண்டு போனதாக இல்லை. இருக்கட்டும். மன நலம் என்று யாராவது பேனர் கட்டினால் எனக்கு அந்த அரை மணி நேர வாடகைதான் ஞாபகம் வருகிறது.

எங்கள் தெருவில் ஒரு அம்மாள் இருக்கிறார். மகள் கல்லூரிக்குப் போனபின், பள்ளிக்கூடத்தில் அரசு கொடுத்த சைக்கிள் இவர் கைக்கு வந்துவிட்டது. கேரியரில் பழைய டியூபால் இறுக்கிக் கட்டிய அலுமினிய அன்னக்கூடை, ஹேண்டில்பாரில் இரண்டு பக்கமும் பை. விடிகாலையில் மீன் வாங்கிவந்து நாலு வீட்டுக்குக் கொடுக்கிறார். “முன்னெல்லாம் அவரு வண்டிய எடுக்கிற வரைக்கும் வாசல்லயே நிப்பேண்ணே. அவரு சட்டைய மாட்டி, டீயக் குடிச்சி, பேப்பரப் பாத்து... அதுக்குள்ள நல்ல மீனெல்லாம் போயிடும்” என்றார். முட்டி வலி எப்படி என்று கேட்டேன். “அது இருக்கு” என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டார். பேரணிக்கு அவரை யாரும் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தாலும் அந்த நேரம் வியாபாரத்தில் இருந்திருப்பார்.

2024 டிசம்பரிலிருந்து மத்திய அரசு ‘சண்டேஸ் ஆன் சைக்கிள்’ என்று ஞாயிறுதோறும் ஓட்டச் சொல்கிறது. நமக்கு ஞாயிற்றுக்கிழமை வாரச்சந்தை. அடுத்த பேரணியைக் கடற்கரையில் தொடங்கிச் சந்தையில் முடிக்கட்டும். வாரத்துக் காய்கறியை வாங்கிக் கட்டி, நசுங்காமல் வீடு கொண்டுபோய்ச் சேர்ப்பவருக்கு மட்டும் பனியன். கேரியர் இல்லாதவர்கள் பூசணிக்காயை ஒரு கையில் பிடித்துக்கொண்டு ஓட்டட்டும், யார் வேண்டாம் என்றது?