மொழிபெயர்ப்பு மாத்திரம் நீதியாகாது

ஒரே வினா, ஒரே நேரம், ஒரே புள்ளித்திட்டம். ஆகவே பரீட்சை சகலருக்கும் சமமானது என்ற எண்ணம் நம்மிடையே வேரூன்றியுள்ளது. மொழி வேறுபடும் இடத்தில் இது எவ்வளவு தூரம் பொருந்தும்?

அமெரிக்க உளவியலாளர் கார்ல் பிரிகாம், முதலாம் உலகப் போர்க்காலத்தில் படையினருக்கு நடத்தப்பட்ட நுண்ணறிவுச் சோதனைகளை ஆதாரமாகக் கொண்டு, தெற்கு, கிழக்கு ஐரோப்பியக் குடியேறிகள் அறிவில் தாழ்ந்தோர் என 1923இல் எழுதினார். வேற்றுமொழி பேசும் வீடுகளில் வளர்ந்தோரை ஆங்கிலச் சோதனையால் ஒப்பிட முடியாதென உணர்ந்து, 1930இல் அவரே அம்முடிவைக் கைவிட்டார். அதற்குள், அந்நாட்டவரின் வருகையைக் கடுமையாகக் கட்டுப்படுத்தும் குடிவரவுச் சட்டம் 1924இல் நிறைவேறியிருந்தது.

நமது நாட்டின் அனுபவமும் கசப்பானதே. 1971இல் மருத்துவ பீட அனுமதிக்குத் தமிழ்மொழிமூல மாணவருக்கு 400க்கு 250 புள்ளிகள் தேவைப்பட்டன. சிங்களமொழிமூல மாணவருக்கு 229 போதுமானதாயிருந்தது. 1973இல் மொழிவாரித் தரப்படுத்தல் வந்தது. பரீட்சைக்குத் தோற்றியோரின் விகிதாசாரப்படியே ஒவ்வொரு மொழிமூலத்திலிருந்தும் அனுமதி அமையும் வகையில் புள்ளிகள் மாற்றியமைக்கப்பட்டன. தமிழ்மொழிமூலம் கற்ற முஸ்லிம் மாணவரும் அதே தராசிலேயே நிறுக்கப்பட்டனர். இரு மொழிகளில் எழுதப்பட்ட விடைத்தாள்களை எவ்வாறு ஒப்பிடுவது என்ற வினா நியாயமானதே. அதற்கு அளிக்கப்பட்ட விடைதான் அநீதியானது.

அவ்வினாவுக்கு அறிவியல்பூர்வமான வழிமுறைகள் இன்று உள்ளன. 2000ஆம் ஆண்டு முதல் நடைபெறும் பீசா எனும் சர்வதேச மாணவர் மதிப்பீட்டில், இருவர் தனித்தனியே மொழிபெயர்க்க, மூன்றாமவர் ஒப்புநோக்கிச் செம்மைப்படுத்துவது பரிந்துரைக்கப்பட்ட நடைமுறையாகும். முன்னோட்டப் பரீட்சை நடத்தி, சமதிறன் உடையோரில் ஒரு மொழியினருக்கு மாத்திரம் கடினமாக அமையும் வினாக்கள் இனங்காணப்படுகின்றன.

அன்றாடச் சொல்லொன்றின் இடத்தில் அகராதிச் சொல்லொன்று அமர்ந்துவிட்டால், ஐந்தாந்தரப் புலமைப்பரிசில் பரீட்சைக்குத் தோற்றும் பிள்ளையின் கணித அறிவு சோதிக்கப்படுவதில்லை, சொல்லறிவே சோதிக்கப்படுகின்றது. பத்து வயதுப் பிள்ளை இதனை எவரிடம் முறையிடும்?

எனவே, தமிழில் கற்பிக்கும் ஆசிரியர்கள் மொழிபெயர்ப்புக் கட்டத்தில் மாத்திரமன்றி, வினா தயாரிக்கும் கட்டத்திலேயே சமபங்கு வகித்தல் வேண்டும். மொழிமூலங்களுக்கிடையே ஒவ்வொரு வினாவிலும் காணப்படும் வேறுபாடு ஆராயப்பட்டு, முடிவுகள் பகிரங்கப்படுத்தப்படவும் வேண்டும். இதனை நாம் சலுகையாகக் கோரவில்லை. தவறியது பிள்ளையா, வினாவா என்பதை அறியும் உரிமை பெற்றோருக்கு உண்டு என்பதையே வலியுறுத்துகின்றோம்.