கடிபட்டவருக்கு ஓர் ஆராய்ச்சி மணி

பத்தாம் வகுப்பு மாணவி

கன்றை இழந்த பசு ஆராய்ச்சி மணியை அடித்தது, மனுநீதிச் சோழன் அதற்கு நீதி வழங்கினான் என்று சிறு வகுப்பிலேயே படித்திருக்கிறோம். வாயில்லாப் பசுவுக்கும் அரண்மனை வாயிலில் ஒரு மணி தொங்கியது. இன்று நாயிடம் கடிபட்ட ஒரு குழந்தைக்கு அப்படி ஒரு மணி உண்டா? எங்கள் தெருவில் நடந்த நிகழ்ச்சி ஒன்றே என்னை இப்படிக் கேட்க வைத்தது.

சென்ற ஆண்டு ஒரு மாலையில், கடைக்குப் போய்த் திரும்பிய எட்டு வயதுச் சிறுமியைத் தெருநாய் காலில் கடித்துவிட்டது. அவளுடைய தாய் சின்ன வெங்காயக் காட்டில் களையெடுத்துப் பிழைப்பவர். காயத்தைச் சோப்புப் போட்டு, ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவ வேண்டும் என்பது அங்கே கூடியிருந்த ஒருவருக்கும் தெரியவில்லை. யாரோ சுண்ணாம்பைத் தடவினார். பிறகுதான் அரசு மருத்துவமனைக்குத் தூக்கிச் சென்றார்கள். வெறிநாய்க்கடி நோயின் அறிகுறி தோன்றிவிட்டால் உயிர் பிழைப்பது மிக அரிது. நல்லவேளை, அவள் பிழைத்தாள்.

தடுப்பூசி இலவசந்தான். ஆனால் கடிபட்ட அன்றும், அதன்பின் 3, 7, 28ஆம் நாட்களிலும் ஊசி போட வேண்டும். நான்கு நாள் கூலி போயிற்று. பேருந்துச் செலவு வேறு. சிறுமிக்குப் பள்ளியும் போயிற்று. "இதையெல்லாம் யாரிடம் போய்க் கேட்கிறது, பாப்பா?" என்று அந்த அம்மா என்னிடம் கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. ஆசிரியையிடம் கேட்டும், செய்தித்தாள்களைப் படித்தும் பின்னர் அறிந்துகொண்டதையே இங்கு எழுதுகிறேன்.

கடித்தது வளர்ப்பு நாயானால், அதன் சொந்தக்காரரே பொறுப்பு. தம் விலங்கினால் பிறருக்கு ஆபத்து நேராமல் காக்கத் தவறுபவருக்கு, பாரதிய நியாய சன்ஹிதாவின் 291ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறையோ, 5,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். நட்ட ஈடு கேட்டு உரிமையியல் நீதிமன்றத்திலும் வழக்குத் தொடுக்கலாம்.

தெருநாய்க்குச் சொந்தக்காரர் யார்? அவற்றுக்குக் கருத்தடை செய்து, தடுப்பூசி போடும் பொறுப்பை 2023ஆம் ஆண்டின் விலங்குகள் இனக் கட்டுப்பாட்டு விதிகள் உள்ளாட்சி அமைப்புகளிடம் ஒப்படைத்துள்ளன. அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு நம் உயிருக்குப் பாதுகாப்புத் தருகிறது. கடமை தவறியதால் ஒருவர் கடிபட்டால், அவர் உயர் நீதிமன்றத்தை அணுகி இழப்பீடு கேட்கலாம். ஆனால் களையெடுக்கும் தாய் உயர் நீதிமன்றத்திற்கு எப்படிப் போவார்?

இதற்குப் பிற மாநிலங்களில் வழி கண்டிருக்கிறார்கள். கேரளத்தில் கடிபட்டோரின் மனுக்களை விசாரிக்க, நீதிபதி சிரி ஜெகன் தலைமையில் ஒரு குழுவை உச்ச நீதிமன்றம் 2016இல் அமைத்தது. பஞ்சாப் ஹரியானா உயர் நீதிமன்றம் 2023 நவம்பரில் இன்னும் தெளிவாகத் தீர்ப்பளித்தது. ஒவ்வொரு பல் தடத்திற்கும் குறைந்தது 10,000 ரூபாய். சதை பிய்ந்திருந்தால் ஒவ்வொரு 0.2 சென்டிமீட்டர் காயத்திற்கும் குறைந்தது 20,000 ரூபாய். மாவட்ட நிர்வாகத் தலைவரின் கீழ் இயங்கும் குழு நான்கு மாதங்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்றும் கூறியது.

நம் தமிழக அரசும் 2025இல் நாய்களால் கடிபட்டு இறக்கும் மாடு, ஆடு, கோழிகளுக்கு இழப்பீடு அறிவித்தது. மாட்டுக்கு 37,500 ரூபாய் என்று தொகையும் குறித்தது. ஆடு மாடே சொத்தாக வாழும் நம் பகுதி மக்களுக்கு இது நல்ல செய்தி. ஆட்டை இழந்தவர் கேட்கலாம் என்றால், கடிபட்ட குழந்தையின் தாயும் அதே எளிமையோடு கேட்க வழி வேண்டாமா? ஒரே மாவட்டமாயிருந்து 2007இல் பிரிந்த பெரம்பலூரிலும் அரியலூரிலும் ஆட்சியர் தலைமையில் இத்தகைய குழு அமைய வேண்டும் என்பதே என் தாழ்மையான கருத்து.

"பணம் கொடுத்தால் நாய்கள் குறையுமா?" என்று சிலர் கேட்கலாம். ஒவ்வொரு கடிக்கும் பணம் கொடுக்க வேண்டும் என்றால், கருத்தடை செய்வதே செலவு குறைவு என்று நிர்வாகம் உணரும். "நாய்களைக் கொன்றுவிட்டால் போயிற்று" என்பாரும் உண்டு. அது சட்டத்திற்கும் விரோதம், இரக்கத்திற்கும் விரோதம். பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம் போன்ற இடங்களிலிருந்து தெருநாய்களை அகற்றிக் காப்பகங்களில் வைக்கும்படி 2025 நவம்பர் 7 அன்று உச்ச நீதிமன்றம் ஆணையிட்டபோதும், கொல்லச் சொல்லவில்லை. நாய் மேல் நமக்குப் பகையில்லை. நாம் கேட்பது நியாயம் மட்டுமே.

அந்தக் குழு வரும் வரை நாம் செய்யக்கூடியவை உண்டு. மருத்துவமனைச் சீட்டையும் ஊசி அட்டையையும் பத்திரமாக வையுங்கள். காயத்தைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஊராட்சியிலோ நகராட்சியிலோ எழுத்தில் புகார் கொடுத்து ரசீது பெறுங்கள். திங்கட்கிழமைதோறும் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்தில் மனுக் கொடுங்கள். 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி, பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் எதுவாயினும் வழக்கறிஞர் உதவி இலவசம். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் ஒரு மனு எழுதிக் கொடுத்தால் போதும்.

பசுவுக்கு எழுதத் தெரியாது. அது மணியை அடித்தது. நமக்கு எழுதப் படிக்கக் கற்றுத் தந்திருக்கிறார்கள். நம் தெருவில் எழுதத் தெரியாத ஒரு தாய்க்கு அந்த மனுவை எழுதிக் கொடுப்பதும் நாம் கற்ற கல்வியின் பயனன்றோ? அந்த அம்மாவுக்கு நான் மனு எழுதிக் கொடுத்துவிட்டேன். அடுத்த மணியை நீங்கள் அடியுங்கள், தோழியரே!