படி எத்தனை எண்டு கேளுங்கோ

அக்காவுக்கு நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரத்தில் முதுமாணிப் பட்டமளிப்பு. அம்மா போகிறா. அக்காவின் அறையில் ஒராள்தான் தங்கலாம் என்பதால், அம்மாவுக்கு ஹோட்டல் அறை பார்க்கும் வேலை என் தலையில் விழுந்தது. கட்டில் ஒண்டு, சுடுதண்ணி, இதுக்கென்ன ஆராய்ச்சி எண்டுதான் நானும் நினைச்சன். மூன்று இரவுக்கு அறை தேட இரண்டு கிழமை போனது.

டெல்ஃப்ட் எண்டால் எங்களுக்கு நெடுந்தீவு. குறிகட்டுவானில் படகேறிப் போகிற இடம். 1658இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த ஒல்லாந்தர், தங்கள் ஊர்ப் பெயர்களை எங்கள் தீவுகளுக்கு வைத்தார்கள். நெடுந்தீவு டெல்ஃப்ட், வேலணை லைடன், காரைநகர் ஆம்ஸ்டர்டாம். அசல் டெல்ஃப்ட், ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் ஆறு கிளைகளில் ஒன்று இருந்த நகரம். இங்கேயிருந்து கப்பலேறிய யானை, சங்கு, சாயவேர் லாபத்தில் ஒரு துளியாவது அந்தக் கால்வாய்க்கரை வீடுகளுக்குப் போயிருக்கும்.

அப்படிப்பட்ட பழைய வீடுகள் சில இப்போது ஹோட்டல்கள். முகப்பு ஒடுக்கம், உள்ளே நீளம், படிக்கட்டு ஏணி மாதிரிச் செங்குத்து. பாதுகாக்கப்பட்ட கட்டடங்கள் என்பதால் நினைத்தபடி இடித்து லிஃப்ட் வைக்க முடியாது. இணையத்தில் படம் பாருங்கோ. ஜன்னல் இருக்கும், கால்வாய் இருக்கும், கூரையில் பழைய மரவளை இருக்கும். படிக்கட்டு மட்டும் இருக்காது. எங்கட அம்மா வீட்டு வாசலில் இருக்கிற மூன்று படியையே பக்கவாட்டாகத்தான் இறங்குவா. முழங்கால் நோ.

அக்காவுக்கு வேற எண்ணம். "வாழ்க்கையில ஒருக்கா வாறா. விடிய எழும்பிக் கால்வாயைப் பாக்கட்டுமே." அதிலும் ஞாயம் இருக்கு. ஆனால் தெருவைப் பார்க்க ஆரும் காசு கேட்பதில்லை. புகையிரத நிலையத்திலிருந்து மார்க்ட் சதுக்கத்துக்குப் பத்து நிமிட நடை. நூறு மீற்றரைத் தாண்டி நிற்கிற புதிய தேவாலயத்தின் கோபுரமும் வியாழக்கிழமைச் சந்தையும் எல்லாருக்கும் பொது. அந்தக் கோபுரத்து மணியோசை பகலில் இனிமைதான், நித்திரைக்குப் பக்கத்தில் எப்படியோ!

இரண்டாவது விசயம்தான் எனக்குக் கோபம். ஒரே அறைக்கு இரண்டு விலை. பணம் திரும்பாது எண்டால் குறைவு, ரத்துச் செய்யலாம் எண்டால் கூட. ஷெங்கன் விசாவுக்கு விண்ணப்பிக்கும்போதே தங்குமிட ஆதாரம் கொடுக்க வேணும். விசா கிடைக்குமோ தெரியாது. கிடைக்காவிட்டால் 90 யூரோ விண்ணப்பக் கட்டணமும் திரும்பாது. இந்த நிலையில் மலிவு விலையை நாங்கள் எப்படித் தொடுவது? அந்தக் கழிவு விசா தேவைப்படாத கடவுச்சீட்டுக்காரருக்குத்தான். எங்கட கையில் அது கழிவில்லை, தண்டம். ஹோட்டல்காரரில் பிழை சொல்லேலாது. ஆனால் "பயணம் எல்லாருக்கும் பொது" எண்டு எழுதுகிறவர்கள் இந்த இரண்டு விலையையும் ஒருக்கா பார்க்க வேணும். இதுக்காகவே பொய்யான முன்பதிவுக் கடிதம் அடிச்சுத் தாறம் எண்டு வருகிற ஆக்களும் உண்டு. அதை நம்பி அம்மாவின் பெயரைப் பணயம் வைக்க நான் தயாரில்லை.

கடைசியில் அக்காவை நேரே போய்ப் படி எண்ணச் சொன்னன். கால்வாய்க்கரை இடத்தில் பத்தொன்பது படி, ஒரு பக்கம்தான் கைபிடி. அம்மாவிடம் சொன்னோம். "படியில்லாத இடமாப் பார். நான் பிள்ளை பட்டம் வாங்கிறதைப் பாக்கப் போறன், வீடு பாக்க இல்லை."

ஆகவே நிலையத்துக்குக் கிட்ட, லிஃப்ட் உள்ள, அழகில்லாத கட்டடம் ஒன்றில் அறை போட்டாச்சு. உங்களில் ஆரும் பழைய நகரமொன்றில் வீட்டாருக்கு அறை தேடினால் மூன்று கேள்வி கேளுங்கோ: படி எத்தனை, எந்தத் திகதி வரை ரத்துச் செய்யலாம், நகராட்சியின் சுற்றுலா வரி விலைக்குள் அடங்குமா. படத்தைப் பிறகு பார்க்கலாம்.

அம்மாவின் விசா இன்னும் வரவில்லை. ரத்துச் செய்யக் கூடிய கடைசித் திகதியைக் கலண்டரில் சிவப்பாலை வட்டம் போட்டு வைச்சிருக்கிறன்.