பாதிப் பாட்டு

அண்ணன் மகன் புதுசாகக் கார் (செகண்ட் ஹேண்ட் புதுசு) வாங்கி, டிக்கியில் ஸ்டெப்னி பக்கத்தில் ஒரு சப்-ஊஃபரைக் குடிவைத்து, போன ஞாயிறு அத்திப்பட்டுக்கு ஓட்டி வந்தான். தெருமுனை திரும்பும்போதே எங்கள் சமையல்கட்டில் எவர்சில்வர் தட்டுகள் ஒன்றோடொன்று பேச ஆரம்பித்துவிட்டன.

"சித்தப்பா, ஏறுங்க. ஒரு ஆல்பம் கேக்கணும்."

ஆல்பத்தின் பெயர் 'அனோகா'. லண்டனில் ஹாக்ஸ்டன் ஸ்கொயர் என்கிற இடத்தில் 'ப்ளூ நோட்' என்று ஒரு கிளப் இருந்தது. அங்கே திங்கட்கிழமை ராத்திரிகளில் தல்வின் சிங் என்கிற தபலாக்காரரும், ஸ்வீட்டி கபூர் என்கிற பெண்மணியும் சேர்ந்து ஒரு கூத்து நடத்தினார்கள். அப்பா அம்மா காலத்தில் இங்கிலாந்து போய்க் குடியேறிய இந்திய, பங்களாதேஷ் வீட்டுப் பிள்ளைகள் கம்ப்யூட்டரில் தாளம் கட்டி, அடியில் 'பேஸ்' ஓடவிட்டு, நடுவில் தபலாவும் சிதாரும் தூவினார்கள். யார் யார் என்று வெளியே தெரியாத அந்த ஆட்களை ஒரே தட்டில் சேர்த்து 1997-ல் வெளியிட்டதுதான் இது. (தல்வின் சிங் 1999-ல் 'ஓகே' ஆல்பத்துக்கு மெர்க்குரி பரிசே வாங்கிவிட்டார்.)

தொகுப்பு ஆல்பம் நமக்குப் புதுசு இல்லை. துண்டுச் சீட்டில் பன்னிரண்டு பாட்டு எழுதி ரெக்கார்டிங் சென்டரில் கொடுத்துவிட்டு, மூன்று நாள் நடையாய் நடந்தவர்கள் நாம். 'அனோகா'விலும் பன்னிரண்டுதான். 'ஃப்ளைட் ஐ.சி. 408' என்று ஒன்று (ஐ.சி. என்பது பழைய இந்தியன் ஏர்லைன்ஸ்), 'சிட்டகாங் சில்' என்று ஒன்று. அவற்றுக்கு நடுவே நம்ம ஊர்க்காரர்! 1995-ல் வந்த 'பம்பாய்' படத்துக்கு ஏ.ஆர்.ரஹ்மான் போட்ட தீம் மியூசிக், ஊரோடு சேர்ந்து பெயரை மாற்றிக்கொண்டு 'மும்பை தீம் ட்யூன்' என்று உட்கார்ந்திருக்கிறது.

முதலில் செல்போனில் போட்டுக் காட்டினான். கடாயில் பொரி வறுக்கிற சத்தம். "இதுக்கா பெட்ரோல் போட்டுக்கிட்டு வந்தே?" என்றேன்.

"போன்ல பேஸ் வராது சித்தப்பா."

கார் கதவைச் சாத்தி சப்-ஊஃபரைத் திறந்தான். மிருதங்கத்தில் தொப்பிப் பக்கம் ரவை பிசைந்து அப்புவார்களே, அந்த 'கும்'முக்காகத்தான். அதே கும், ஆனால் ஆனை சைஸில். 40 ஹெர்ட்ஸ் சத்தத்தின் ஓர் அலை எட்டரை மீட்டர் நீளம். எங்கள் ஹாலைவிடப் பெரிசு. அதைக் காதால் கேட்பதைவிட நெஞ்செலும்பால் கேட்பதே அதிகம். எனக்கு இது பழகின சங்கதி. பக்கத்தில் வடசென்னை அனல் மின்நிலையம். நிமிஷத்துக்கு 3000 சுற்று சுற்றும் டர்பைன் என்றால் விநாடிக்கு 50. பேஸ் கிடாரின் அடித் தந்தி 41. எங்கள் ஊர் ஸ்ருதியே பேஸ்தான் சார்!

"தாளம் எப்படிப் பறக்குது பாருங்க! நிமிஷத்துக்கு நூத்தி எழுபது. பேஸ் அதுல பாதி வேகத்துல நடக்குது. மேல அந்த ஜால்ரா மாதிரி, ஹை-ஹாட்... கேக்குதா?"

"ம்ம்" என்றேன். கேட்கவில்லை.

ரஹ்மான் வந்தார். புல்லாங்குழல். "வாசிக்கிறவர் மூச்சு விடுறதுகூடக் கேக்குது பாருங்க" என்றான். எனக்குக் குழல் கேட்டது, மூச்சு கேட்கவில்லை.

அப்போதுதான் உறைத்தது. வீட்டில் ஒரு வருஷமாகச் சண்டை. "சாவி எங்கே?" என்று அவள் கேட்டால், "எந்த ஆவி?" என்பேன். அவள் வாய்க்குள் முனகுகிறாள் என்பது என் கட்சி. எனக்கு அலட்சியம் என்பது அவள் கட்சி. கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஒரு கம்பெனியில் இருபத்திரண்டு வருஷம் மெஷின் பக்கத்தில் நின்றவன் நான். காதில் பஞ்சு வைத்தால் "என்ன அண்ணே, காது குத்தா?" என்று கிண்டல் செய்வார்கள். எடுத்துவிடுவேன்.

செவ்வாய்க்கிழமை காது டாக்டரிடம் போனேன். கண்ணாடி அறையில் ஹெட்போன் மாட்டி, சத்தம் கேட்டால் பட்டனை அழுத்தச் சொன்னார்கள். வந்த கிராஃப், 2000 ஹெர்ட்ஸ் வரை ரோடு மாதிரி நேராக வந்து, 4000-த்தில் கிணற்றில் விழுந்திருந்தது. இரைச்சலில் வேலை பார்த்தவர்களுக்கு அந்த இடத்தில்தான் முதலில் போகுமாம். 'ச', 'ஸ' எல்லாம் அந்தப் பக்கத்து ஆசாமிகள். போனது திரும்பாது, மெஷின் வைத்துக்கொள்ளலாம், இனிமேல் போகாமல் பார்த்துக்கொள்ளலாம் என்றார் டாக்டர். பேஸ் மட்டும் பத்திரமாக இருக்கிறது.

அவள் கிராஃபை வாங்கி ரொம்ப நேரம் பார்த்தாள். "நான் முனகலையே?" என்றாள்.

"இல்லை."

கூட வந்த அண்ணன் மகன் அதைப் போட்டோ எடுத்துக்கொண்டான். காலையில் எழுந்தது முதல் காதில் இயர்போன், வால்யூம் கடைசி வரை. அவன் வழக்கம் அது. வெளியே போய் ரிசப்ஷனில் ஏதோ பேசிவிட்டு வந்தான்.

"போலாமாடா?"

"கொஞ்சம் இருங்க சித்தப்பா. அடுத்த டோக்கன் எனக்கு."