செம்பைப் பிடிக்கும் சருகுத் தண்ணீர்

இரண்டு ஓடைகள். ஒன்றில் தண்ணீர் பளிங்கு போல் இருக்கிறது. மற்றொன்றில் காட்டுச் சருகு ஊறி, தேநீர் நிறத்தில் ஓடுகிறது. மற்றபடி இரண்டும் ஒரே மாதிரி. இரண்டிலும் ஒரே அளவு செம்பு கலந்துவிடுகிறது. எந்த ஓடையில் மீன் முதலில் சாகும்?

பளிங்குத் தண்ணீரில்தான்!

செம்பு அடியோடு வேண்டாத பொருள் அல்ல. மனிதனுக்கும் அது துளி வேண்டும். நண்டு, இறால் ஆகியவற்றின் இரத்தத்தில் பிராண வாயுவைச் சுமப்பதே செம்புதான். ஆனால் அளவு மிஞ்சினால், மீனுக்கு அது எமன். தண்ணீரில் தனியாகத் திரியும் செம்பு, மீனின் செவுளில் போய் ஒட்டிக் கொள்கிறது. அதன் பிறகு செவுளால் தண்ணீரிலிருந்து உப்பை இழுக்க முடிவதில்லை. உடம்பில் இருக்கும் உப்பும் கசிந்து போகிறது. மீன் செத்து மிதக்கிறது.

சருகுத் தண்ணீரில் நடப்பது வேறு. இலையும் வேரும் மக்கும்போது, அவற்றின் சாறு தண்ணீரில் இறங்குகிறது. அந்தச் சாறு செம்பை இறுகப் பிடித்துக் கொள்கிறது. செம்பு தண்ணீரை விட்டுப் போய்விடவில்லை. ஆனால் பிடிபட்ட செம்பு செவுளில் எளிதில் ஒட்டுவதில்லை. தண்ணீரில் புளிப்பு ஏறினால் பிடி தளரும். செம்பு மறுபடி வெளியே வந்துவிடும்!

இது விஞ்ஞானிகளுக்கு வெகு காலமாகத் தெரியும். சட்டத்துக்குத்தான் தெரியாமல் இருந்தது. அமெரிக்காவில் ஆறு, ஏரிகளுக்குச் செம்பு வரம்பு போட்டபோது, தண்ணீர் கடினத் தண்ணீரா, மென்தண்ணீரா என்று பார்த்தார்கள். சருகுச் சாற்றைக் கணக்கில் எடுக்கவில்லை. 2007-ம் ஆண்டில்தான் அந்நாட்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை புதிய கணக்கை வெளியிட்டது. சருகுச் சாறு, புளிப்பு, சுண்ணாம்பு, தண்ணீரின் சூடு என்று 10 விவரங்கள் அதில் சேருகின்றன.

இது நியாயமான மாற்றம். பத்துச் சோதனைக்குச் செலவு ஆகும் என்பது உண்மைதான். ஆனாலும் எல்லா ஆற்றுக்கும் ஒரே வரம்பு என்றால், ஓர் ஊரில் மீன் சாகும். இன்னோர் ஊரில் வீண் கெடுபிடி நடக்கும்.

ஆலைக்காரர்கள் இதைச் சாக்காகக் கொண்டு கழிவைத் திறந்துவிடக் கூடாது. சாறு பிடிக்கக் கூடிய செம்புக்கு ஓர் அளவு உண்டு. அதற்கு மேல் வருவதெல்லாம் தனிச் செம்புதான்.

குளத்துப் பாசியைக் கொல்ல மயில்துத்தம் போடுகிறவர்களுக்கும் இந்தக் கணக்கு தேவை. மயில்துத்தம் செம்பு உப்புதானே! சருகு ஊறிய குளத்தில் போட்ட அளவையே தெளிந்த குளத்திலும் போட்டால், பாசியோடு மீனும் போய்விடலாம்.