துறையின் திறவுகோல் யாரிடம்?

முத்தும் தபாலும் மன்னார்க் கரையைக் கடந்து சென்றன. கரையில் தங்கியவை மிகச் சிலவே. 1906ஆம் ஆண்டில் குடியேற்ற அரசு இங்குள்ள முத்துப் படுகைகளை ஓர் ஆங்கிலக் கம்பெனிக்கு இருபதாண்டுக் குத்தகைக்கு விட்டது. 1914 தொடக்கம் 1964 டிசம்பர்ப் புயல்வரை தனுஷ்கோடிக் கப்பலில் வந்த தபால் தலைமன்னாரில் இறங்கிக் கொழும்புக்கு விரைந்தது. துறை நம்முடையது, அதன் திறவுகோல் பிறரிடம். இணையத்தின் காலத்திலும் இந்நிலை மாறிற்றா என்பதே நாம் எழுப்பும் வினா.

பேசாலையில் ஓர் ஆசிரியர் தம் பாடக்குறிப்புகளையும், விடத்தல்தீவில் ஒரு மாணவர் தாம் ஒலிப்பதிவு செய்த கடற்றொழிலாளர் பாடல்களையும் தம் வீட்டுக் கணினியிலிருந்தே உலகுக்கு வழங்க விரும்புகிறார் எனக் கொள்வோம். இஃது ஆகாத காரியமன்று. கைவிடப்பட்ட மடிக்கணினி ஒன்று போதும். மின்தடையின்போது சிறிது நேரம் தாங்க அதற்குச் சொந்த மின்கலமும் உண்டு. லினக்ஸ் இலவசமாகக் கிடைக்கிறது. ரவுட்டரில் அக்கணினிக்கு மாறாத உள்முகவரி ஒன்றை ஒதுக்கி, வெளியிலிருந்து 80ஆம், 443ஆம் துறைகளுக்கு வரும் அழைப்பை அதனிடம் திருப்பிவிட்டால், வீடே சேவையகமாகிறது. பாதுகாப்புச் சான்றிதழும் இன்று காசின்றிக் கிடைக்கிறது.

இத்தனையும் செய்த பின்னரும் எத்தனையோ வீடுகளில் வெளியார் அழைப்பு வந்து சேர்வதில்லை. ஏன்? பழைய முகவரி முறையில் ஏறத்தாழ 430 கோடி முகவரிகளே உண்டு. உலகப் பொதுக் களஞ்சியத்திலிருந்த கடைசித் தொகுதிகள் 2011 பெப்ரவரி 3ஆம் நாள் பங்கிடப்பட்டன. அதன்பின் கம்பெனிகள் பல வீடுகளை ஒரே பொதுமுகவரியின் பின்னால் அடைக்கும் வழக்கம் பரவிற்று. இதற்கெனவே 2012இல் 100.64 எனத் தொடங்கும் ஒரு தொகுதியும் ஒதுக்கப்பட்டது. ரவுட்டர் தன் வெளிமுகவரியாக 100.64 முதல் 100.127 வரை தொடங்கும் ஒன்றைக் காட்டுமாயின், அவ்வீட்டின் நிலை இதுவேயாகும். வீட்டுப் படலையை நாம் திறந்து வைக்கலாம். ஒழுங்கையின் முகப்பிலுள்ள படலையோ கம்பெனியின் பூட்டில் கிடக்கிறது.

“முகவரி பற்றாக்குறை, நாம் என் செய்வோம்?” என்பர். பற்றாக்குறை இயற்கையின் விதியன்று. பழைய முறையின் குறைபாடு. எண்ணித் தீராத முகவரிகளைத் தரும் ஆறாம் பதிப்பு முறை 1998இலேயே வகுக்கப்பட்டுவிட்டது. கால் நூற்றாண்டு கடந்தும் அதனை எல்லா வீடுகளுக்கும் கொண்டு சேர்க்காமல், பொதுமுகவரியைத் தனிவிலைச் சரக்காக விற்பது எவருக்கு இலாபம்? வீட்டு இணைப்புகளில் இறக்கும் வேகத்தினும் ஏற்றும் வேகத்தைக் குறைத்து வைப்பதும் இதே நோக்கின் விளைவேயாகும். மக்கள் நுகர்வோராய் இருந்தாற் போதும், படைப்போராய் எழ வேண்டாம் என்பதே அதன் பொருள்.

“பெருங் கம்பெனிகள் இலவசமாக இடம் தருகின்றனவே” என்பாரும் உளர். யாகூ 2009இல் ஜியோசிட்டீசை மூடியது; கூகுள் 2019இல் கூகுள் பிளசை மூடியது. 2019 ஏப்ரலிலும் 2022 ஏப்ரலிலும் இலங்கையில் சமூக வலைத்தளங்கள் முடக்கப்பட்டன. முழு எழுத்தையும் அங்கேயே குவித்திருந்தோருக்கு அந்நாட்களில் எஞ்சியது என்ன? வெளிநாட்டு நிறுவனமொன்றின் வழியே சுரங்கப்பாதை அமைத்துப் பூட்டைத் தாண்டலாம் என்பதும் உண்மையே. ஆயினும் அது மற்றொரு துறைக்காரனுக்குக் கப்பம் கட்டுவதாகும்.

ஆபத்து உண்டு என்பதை மறைக்கவேண்டியதில்லை. திறந்த துறையைத் தட்டிப் பார்ப்போர் உலகெங்கும் உளர். தேவையான துறைகளை மட்டும் திறத்தல், மென்பொருளைக் காலந்தவறாது புதுப்பித்தல், சேவையகத்தை வீட்டின் பிற கணினிகளிலிருந்து பிரித்தல், பிரதிகளை வேறிடத்தில் காத்தல் ஆகியன கற்றுக்கொள்ளத்தக்க ஒழுக்கங்களே. திருடன் வருவான் என்பதற்காக வாசலே இல்லாத வீட்டை எவரும் கட்டுவதில்லை.

ஓரிடத்தில் குவிந்த அறிவு ஒரே இரவில் அழியும் என்பதை 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் சாம்பல் நமக்குக் கற்பித்தது. 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம் ஈழத்துத் தமிழ் நூல்களை இணையத்தில் காத்து வருகிறது. அப்பணியின் சுமையை ஊருக்கு ஊர் பகிர்ந்துகொள்ள வேண்டாமா? மன்னார்க் காற்றாலைகள் முப்பதும் 103.5 மெகாவாட் ஆற்றலுடன் நாட்டுக்கு மின்சாரம் வழங்குகின்றன. ஒரு பழைய மடிக்கணினிக்கு வேண்டுவது சில மின்குமிழ்களுக்குரிய மின்சாரமே.

ஆகவே நாம் கோருவன மூன்று. ஒவ்வொரு வீட்டு இணைப்புக்கும் ஆறாம் பதிப்புப் பொதுமுகவரி வழங்கப்படவேண்டும்; உள்வரும் அழைப்பை ஏற்பதும் மறுப்பதும் வீட்டாரின் உரிமையாதல் வேண்டும். ஏற்றும் வேகம் இறக்கும் வேகத்துக்கு ஈடாதல் வேண்டும். பாடசாலைகளும் நூலகங்களும் தத்தம் சேவையகத்தைத் தாமே நடத்தும் பயிற்சி, கணினிப் பாடத்தின் செய்முறையில் இடம்பெறவேண்டும். இவை கேட்டவுடன் கிடைக்கமாட்டா. ஆசிரியர்களும் மாணவர்களும் தம் ரவுட்டரின் முகவரியை இன்றே பார்த்து, பூட்டு எங்கே உள்ளது என்று கண்டறிந்து, அதை வைத்தவர்களிடம் கூட்டாகக் கணக்குக் கேட்கத் தொடங்குவார்களாக.